5 நிமிட பிரேக்கில் கம்ப்யூட்டர் கேம்... எதை ஆடலாம், எதைத் தொடக்கூடாது? - முழு விவரம்

டீ வரும் வரை ஒரு கேம். மீட்டிங் தொடங்க இன்னும் 6 நிமிஷம் இருக்கிறது, அதுவரை ஒரு கேம். இப்படித்தான் ஆரம்பிக்கும். நிமிர்ந்து பார்த்தால் முக்கால் மணி நேரம் போயிருக்கும், டீயும் ஆறியிருக்கும்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவர்கள், படிப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சிக்கல் இது. சின்ன இடைவேளையில் ஆட ஒரு சின்ன கேம் வேண்டும். ஆனால் 'ஃப்ரீ கேம்ஸ்' என்று தேடினால் வந்து குவிவது வேறு: பாதித் திரைக்கு விளம்பரம், நாலு 'டவுன்லோட்' பட்டன், 'அலோ' கொடுங்கள் என்று கேட்கும் பெட்டி, நடுவில் ரம்மி.

எந்த கேம் ஜாலி என்று பார்ப்பதற்கு முன்னால் வேறு ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்த கேம் தானாக முடியுமா? ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது பிரேக்குக்கு ஏற்றது. இல்லையென்றால், எவ்வளவு நல்ல கேமாக இருந்தாலும் அதன் இடம் ஞாயிற்றுக்கிழமைதான்.

சீட்டுக்கட்டில் தொடங்கிய கதை

ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேம் என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது சாலிட்டேர். 1990-ல் வெளியான விண்டோஸ் 3.0-ல்தான் இது முதன்முதலில் வந்தது. எழுதியவர் வெஸ் செர்ரி, அப்போது மைக்ரோசாஃப்ட்டில் இன்டர்ன். சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர், ஆப்பிள் மேக்கின்டாஷின் ஆரம்பகால ஐகான்களை உருவாக்கிய அதே டிசைனர். மவுஸ் புதுசாக இருந்த காலத்தில், பிடித்து இழுத்து விடும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கவே இந்த கேமைச் சேர்த்தார்கள் என்று சொல்வதுண்டு.

அதில் ஒரு சுவாரசியம். செர்ரி முதலில் எழுதிய வெர்ஷனில் ஒரு 'பாஸ் கீ' இருந்ததாம். மேனேஜர் வந்தால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், திரையில் போலி எக்ஸெல் ஷீட் வந்துவிடும். வெளியிடும் முன்பு மைக்ரோசாஃப்ட் அதை எடுக்கச் சொல்லிவிட்டது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆபீஸ் நேரத்தில்தான் இதை ஆடப்போகிறார்கள் என்பது எழுதியவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது!

1992-ல் விண்டோஸ் 3.1-ல் மைன்ஸ்வீப்பர் சேர்ந்தது. பிறகு ஃப்ரீசெல், எக்ஸ்பி வரை பின்பால். கம்ப்யூட்டர் கிளாஸில் எம்.எஸ். வேர்டு கற்றுக்கொள்ளப் போய் பின்பாலில் கை தேர்ந்த ஒரு தலைமுறையே நம்மூரில் உண்டு. சாலிட்டேரின் மவுசு இன்னும் குறையவில்லை. 30 ஆண்டுகள் நிறைந்த 2020-ல், மாதம் 3.5 கோடி பேர் ஆடுவதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது.

ஆனா, இன்றைய சாலிட்டேர் பழைய சாலிட்டேர் இல்லை. 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து பழைய கேம்கள் சிஸ்டத்தோடு வருவது நின்றுபோனது. இப்போது இருப்பது 'சாலிட்டேர் கலெக்‌ஷன்'. ஓரத்தில் விளம்பரம், ஆட்டங்களுக்கு நடுவே வீடியோ விளம்பரம், அது வேண்டாமென்றால் பிரீமியம் சந்தா. 5 நிமிட பிரேக்கில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விளம்பரம் ஓடினால், மிச்சம் என்ன இருக்கும்?

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. உபுண்டு போன்றவற்றில் க்னோம் மைன்ஸ், ஐஸ்லெரியட் சாலிட்டேர் இரண்டும் இலவசம், விளம்பரம் கிடையாது. மேக்கில் செஸ் ஆப் சிஸ்டத்தோடேயே வருகிறது.

சாலிட்டேர் ஆடித் தோற்றால் கவலைப்பட வேண்டாம். கவிழ்த்து வைத்த சீட்டு எல்லாமே என்னவென்று முன்பே தெரிந்தாலும், மூன்று மூன்றாக எடுக்கும் ஆட்டத்தில் சுமார் 82 சதவீதம்தான் ஜெயிக்க முடிந்தவை. மீதியில் யார் உட்கார்ந்தாலும் தோல்விதான். ஃப்ரீசெல் இதற்கு நேர் எதிர். பழைய விண்டோஸ் ஃப்ரீசெல்லில் இருந்த 32,000 ஆட்டங்களில் ஜெயிக்கவே முடியாதது ஒன்றே ஒன்று, 11982-ம் எண்.

தானாக முடியும் கேம்கள் எவை?

நேரத்தைத் துல்லியமாகச் சொல்லக்கூடியது என்றால் அது செஸ்தான். லிசெஸ் என்ற இணையதளம் 2010 முதல் இயங்குகிறது. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, ஆப்பை இறக்கவும் தேவையில்லை, பிரவுசரிலேயே ஆடலாம். அதில் '3+0' என்று தேர்ந்தெடுத்தால் ஒவ்வொருவருக்கும் 3 நிமிஷம். ஆக, என்ன நடந்தாலும் 6 நிமிஷத்துக்குள் ஆட்டம் முடிந்தே ஆக வேண்டும். '1+0' என்றால் 2 நிமிஷம். இது புல்லட் செஸ், பழக்கமில்லாதவர்களுக்கு பிரஷர்தான் ஏறும். '10+0' எடுத்தால் 20 நிமிஷம் வரை போகும், அது டீ பிரேக்குக்கு ஆகாது, லஞ்சுக்கு ஆகும். குகேஷும் பிரக்ஞானந்தாவும் பிறந்த ஊரில் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒரே ஆபத்து, தோற்றதும் கண் முன்னால் வரும் 'ரீமேட்ச்' பட்டன். 6 நிமிஷம் 12 ஆவதும் 12 நிமிஷம் 40 ஆவதும் அங்கேதான். தோற்ற ஆத்திரம் தாங்காது என்பவர்கள் அதே தளத்தில் இருக்கும் 'டெய்லி பசிள்' பக்கம் போகலாம். ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

ஒரு நாளைக்கு ஒன்று என்ற அந்த ஐடியாவை உலகமெங்கும் கொண்டுபோனது வேர்டில். ஜாஷ் வார்டில் என்ற இன்ஜினீயர் 2021-ல் வெளியிட்டார். அஞ்சு எழுத்து ஆங்கிலச் சொல், ஆறு வாய்ப்பு, அவ்வளவுதான். இலவசமாக இன்னொன்று ஆட நினைத்தால் நாளை வரை காத்திருக்க வேண்டும். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கிவிட்டது. அன்றைய புதிர் இன்னும் இலவசம்.

குரோம் பிரவுசரில் நெட் போனால் வரும் டைனோசர் நினைவிருக்கும். 2014-ல் வந்தது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஓடத் தொடங்கும். நெட் இருக்கும்போதும் ஆடலாம்: முகவரிப் பெட்டியில் ஆங்கிலத்தில் குரோம் என்று எழுதி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு டினோ என்று டைப் செய்தால் போதும். அதற்கு முடிவே கிடையாது என்று தோன்றலாம், ஆனா வேகம் ஏறிக்கொண்டே போவதால் பெரும்பாலானோர் ஓரிரு நிமிஷத்தில் கள்ளிச்செடியில் முட்டிக்கொள்வார்கள். டி-ரெக்ஸ் பூமியில் வாழ்ந்த காலத்துக்கு ஈடாக, சுமார் 1.7 கோடி ஆண்டுகள் ஓடினால்தான் இந்த கேம் முடியும்படி வைத்திருப்பதாக அதைச் செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எட்ஜ் பிரவுசரிலும் இதே மாதிரி 'சர்ஃப்' என்று ஒன்று உண்டு. 2020-ல் வந்தது. இரண்டுமே நெட் இல்லாமல் ஓடும், டவுன்லோட் எதுவும் வேண்டாம்.

கூகுளில் ஆங்கிலத்தில் சாலிட்டேர், மைன்ஸ்வீப்பர், பேக்மேன் என்று தேடினாலே கேம் அங்கேயே வரும். பேக்மேனுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதன் 30-வது ஆண்டையொட்டி 2010 மே 21-ல் கூகுள் தன் முகப்புப் பக்கத்திலேயே அதை வைத்தது. அதனால் உலகம் முழுக்கச் சுமார் 48 லட்சம் மணி நேரம் கரைந்ததாக ரெஸ்க்யூடைம் என்ற நிறுவனம் மதிப்பிட்டது. தலைக்கு எவ்வளவு தெரியுமா? சராசரியாக 36 விநாடி கூடுதல், அவ்வளவே.

பலருக்குத் தெரியாத பொக்கிஷம்

சர்வர் வேலை பார்க்கும் ஐ.டி. ஆட்களிடம் 'புட்டி' என்று கேட்டால் தெரியும், பல வருஷமாக உலகம் முழுக்கப் பயன்படும் இலவச சாஃப்ட்வேர். அதை எழுதிய இங்கிலாந்துக்காரர் சைமன் டாதம் இன்னொரு வேலையும் செய்திருக்கிறார். சுமார் 40 சின்னச் சின்னப் புதிர் கேம்களை எழுதி, 'போர்ட்டபிள் பசிள் கலெக்‌ஷன்' என்ற பெயரில் இலவசமாக விட்டிருக்கிறார். பிரவுசரிலேயே ஆடலாம், விண்டோஸுக்குத் தனியாகவும் இருக்கிறது. விளம்பரம் கிடையாது. லாகின் கிடையாது. லெவல், காயின், டெய்லி ரிவார்டு எதுவும் கிடையாது. பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும், அதனாலேயே பலர் கடந்து போயிருப்பார்கள்.

இதில் மைன்ஸ்வீப்பருக்கு 'மைன்ஸ்' என்று பெயர். வழக்கமான மைன்ஸ்வீப்பர் ஆடியவர்களுக்கு ஒரு கோபம் இருக்கும். முக்கால்வாசி கட்டத்தை யோசித்து யோசித்துத் திறந்த பிறகு, கடைசி இரண்டு கட்டத்தில் எதில் குண்டு என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட வேண்டியதுதான். டாதமின் மைன்ஸ் அப்படி ஏமாற்றாது. முதல் கிளிக்கில் குண்டு வராது. அதன் பிறகும், ஊகமே இல்லாமல் யோசித்தே முடிக்கக்கூடிய கட்டங்களைத்தான் அது கொடுக்கும். தோற்றால் தப்பு நம்முடையதுதான்.

சுடோகு வேண்டுமா? 'சோலோ' என்ற பெயரில் இருக்கிறது. சிக்கிய கோடுகளைப் பிரிக்கும் 'அன்டாங்கிள்', பைப் இணைக்கும் 'நெட்' என்று பட்டியல் நீளும். நமக்கு முக்கியமானது வேறு: எல்லாவற்றிலும் கட்டத்தின் அளவை நாமே வைக்கலாம். பிரேக் 3 நிமிஷம்தான் என்றால் சின்னக் கட்டம், 10 நிமிஷம் இருந்தால் பெரிய கட்டம். நேரத்துக்கு ஏற்றபடி கேமையே வெட்டிக்கொள்ளலாம். மைன்ஸ்வீப்பரில் 9-க்கு 9 கட்டத்தில் 10 குண்டு என்பது பழகியவர்களுக்கு ஒரு நிமிஷ வேலை. 30-க்கு 16 கட்டத்தில் 99 குண்டு என்பது வேறு கதை.

முடியாத கேமில் என்ன பிரச்னை?

2048 எண் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 2014-ல் கேப்ரியேல் சிருல்லி என்ற 19 வயது இத்தாலிய இளைஞர் ஒரு வீக்எண்டில் எழுதியது. நல்ல கேம்தான். ஆனா, 2, 4 என்று வரும் கட்டங்களைக் கூட்டி 2048-ஐத் தொட, கணக்குப் போட்டால் 900 நகர்த்தல்களுக்கு மேல் வேண்டும். விநாடிக்கு ஒன்று தள்ளினாலும் 15 நிமிஷம். இருந்தும் பிரேக்குக்கு ஓரளவு ஒத்துவரும். காரணம், பாதியில் டேபை மூடினாலும் விட்ட இடம் அப்படியே இருக்கும். எதிராளி காத்திருக்க மாட்டார், கடிகாரமும் ஓடாது.

கேண்டி கிரஷ் மாதிரி கேம்களின் கணக்கு தனி. ஐந்து உயிர், போன ஒரு உயிர் திரும்பி வர 30 நிமிஷம். ஐந்தும் தீர்ந்தால் தானாக நின்றுவிடுமே என்று நினைக்கலாம். நிற்கும். ஆனா அரை மணி நேரம் கழித்து, வேலையின் நடுவில், 'உயிர் வந்திருக்குமே' என்று மனசு அங்கே போகும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கத்தான் காசு கேட்கிறார்கள். பிரேக் முடிந்த பிறகும் பிரேக்குக்குள்ளேயே நம்மை வைத்திருக்கும் டிசைன் இது. டெய்லி ரிவார்டு, தொடர்ச்சியாக இத்தனை நாள் என்ற 'ஸ்ட்ரீக்' எல்லாம் அதே வகைதான். வேர்டிலும் இந்த ஸ்ட்ரீக் விஷயத்தில் சுத்தம் இல்லை.

ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது, கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். அவர் பார்த்தது அலுவலக வேலைகளைத்தான், கேம்களை இல்லை. ஆனாலும், பாதியில் நிறுத்திய ஆட்டத்தோடு ஒரு முக்கியமான மெயிலை டைப் செய்து பார்த்தவர்களுக்கு அவர் சொல்வது புரியும். டீமாக ஆடும் பேட்டில் கேம்களில் இது இன்னும் மோசம், பாதியில் எழுந்தால் கூட ஆடுபவர்களிடம் திட்டும் வாங்க வேண்டும்.

கண்ணுக்கு இது ஓய்வா என்றால், இல்லை. எக்ஸெல்லைப் பார்த்த அதே திரையைத்தான் கண் மறுபடி பார்க்கிறது, இமைப்பதும் குறைகிறது. 20 நிமிஷத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வது கேம் ஆடுபவர்களுக்கும் பொருந்தும். 5 நிமிட பிரேக்கில் 3 நிமிஷம் கேம், 2 நிமிஷம் ஜன்னல் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

'ஃப்ரீ' என்று வரும் ஆபத்து

இங்கேதான் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். பழைய மினி கேம் தளங்களில் இருந்தவை பெரும்பாலும் ஃபிளாஷில் செய்தவை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு ஃபிளாஷ் பிளேயருக்கு மூடுவிழா நடத்திவிட்டது, 2021 ஜனவரி 12 முதல் அது ஓடுவதையும் நிறுத்திவிட்டது. ஆகவே இன்று ஒரு தளம் 'இந்த கேமை ஆட ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் செய்யுங்கள்' என்று சொன்னால், அடுத்த விநாடியே அந்த டேபை மூடிவிடுங்கள். அப்டேட் என்று இறங்குவது வேறு ஏதோ. பழைய ஃபிளாஷ் கேம்கள்மேல் ஆசை விடவில்லை என்றால், அவற்றைச் சேகரித்து வைத்திருக்கும் ஃபிளாஷ்பாயின்ட் ஆவணக்காப்பகம் இருக்கிறது.

அடுத்தது 'அலோ' பட்டன். கேம் தொடங்கும் முன்பு நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கேட்பார்கள். அவசரத்தில் அலோ கொடுத்தால், மறுநாள் முதல் திரையின் மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்', 'பரிசு விழுந்திருக்கிறது' என்று வந்துகொண்டே இருக்கும். வைரஸ் இல்லை, அந்தத் தளம் அனுப்பும் விளம்பரம் அது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், தெரியாத தளங்களை நீக்கினால் நின்றுவிடும். ஒரு சீட்டாட்டத்துக்கு நோட்டிஃபிகேஷன் எதற்கு? யோசித்தால் பதில் கிடைக்கும்.

மூன்றாவது, காசு. சாலிட்டேர் ஆடப் போனவரை ரம்மிக்கு இழுக்கும் விளம்பரங்கள் தமிழ்நாட்டில் என்ன செய்திருக்கின்றன என்பது புதிதல்ல. பணத்தை இழந்து குடும்பங்கள் நிலைகுலைந்த சம்பவங்களைத் தொடர்ந்து, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2022-ல் மாநில அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே இல்லாமல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது அந்தச் சட்டம். ஆடுபவர்களுக்குத் தண்டனை இல்லை. ஆனா போன பணம் திரும்பி வரும் என்றும் அதில் இல்லை. பிரேக்கில் ஆடும் கேம் வங்கி விவரமோ யு.பி.ஐ.-யோ கேட்டால் அது கேம் இல்லை. ஏற்கெனவே ஏமாந்து பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

ஆபீஸ் லேப்டாப்பில் ஆடலாமா?

சட்டப்படி இதற்குப் பொதுவான பதில் கிடையாது, அந்தந்த நிறுவனத்தின் விதிதான். 2006-ல் நியூயார்க் மேயராக இருந்த மைக்கேல் புளூம்பெர்க், மாநகராட்சி அலுவலகம் ஒன்றுக்குப் போனபோது ஊழியர் ஒருவரின் திரையில் சாலிட்டேர் திறந்திருப்பதைப் பார்த்தார். அந்த ஊழியருக்கு வேலை போய்விட்டது. ஒரு சீட்டாட்டத்துக்கு இது அதிகம் என்று அப்போதே பலர் சொன்னார்கள், அது சரியான பேச்சும்கூட. ஆனால் வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

இன்காக்னிடோவில் திறந்தால் யாருக்கும் தெரியாது என்று நம்புவது வீண். அது அந்த லேப்டாப்பின் ஹிஸ்டரியில் சேராமல் இருக்கும், அவ்வளவுதான். ஆபீஸ் நெட்வொர்க்கில் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது ஐ.டி. டீமுக்குத் தெரிய வாய்ப்பிருக்கிறது. கம்பெனி லேப்டாப்பில் தெரியாத கேம் எதையும் இன்ஸ்டால் செய்வது அதைவிடப் பெரிய வம்பு. கேமோடு வைரஸ் ஏதாவது வந்தால், கேள்வி உங்கள் பெயருக்குத்தான் வரும்.

உங்கள் ஆபீஸில் என்ன நிலவரம் என்று யாரிடமும் கேட்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. குரோம் டைனோசரைத் தட்டிப் பாருங்கள். நிறுவனங்களும் பள்ளிகளும் நினைத்தால் அதைக்கூட முடக்கி வைக்கலாம். அப்படி முடக்கியிருந்தால் டைனோசர் ஓடாது. இந்தச் சாதனத்தின் உரிமையாளர் டைனோசர் கேமை நிறுத்திவைத்திருக்கிறார் என்ற அறிவிப்பு வரும், மேலே ஒரு விண்கல் விழுந்துகொண்டிருக்கும்.